வீட்டில் ஓடும் ஜெல்லிஃபின் வெளியே திறக்கவில்லையா? இரண்டு ரவுட்டர் உள்ள வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஜெல்லிஃபின் என்பது வீட்டுக் கணினியில் இருக்கும் படங்களை மற்றக் கருவிகளில் பார்க்க உதவும் சர்வர் மென்பொருள். அதில் வீட்டு டிவியில் படம் தடங்கலின்றி ஓடுகிறது. போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் திறந்தால், வட்டம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் சர்வரை அடைய முடியவில்லை என்று நிற்கிறது. போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை சர்வருக்கு அனுப்பும் ரவுட்டர் விதி) ஏற்கெனவே போட்டாயிற்று, ரவுட்டரையும் பலமுறை அணைத்துப் போட்டாயிற்று. செட்டிங்குகளை மேலும் கிளறுவதற்கு முன், வீட்டில் எத்தனை ரவுட்டர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர் மாட்டிவிட்டுப் போன பெட்டி வெறும் மோடம் அல்ல. அதற்குள்ளேயே ஒரு ரவுட்டரும் இருக்கிறது. அதன் வைஃபை மாடிக்கு எட்டவில்லை என்று கடையில் இன்னொரு ரவுட்டர் வாங்கி, மோடத்தின் லேன் (வீட்டுப் பக்க) போர்ட்டிலிருந்து புது ரவுட்டரின் வேன் (இணையப் பக்க) போர்ட்டுக்கு ஒயர் போட்டால், இரண்டு ரவுட்டர் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். இரண்டும் தனித்தனியே முகவரியை மாற்றி அனுப்பும், அதாவது நேட் செய்யும். உள்ளேயிருந்து வெளியே போகும் எதற்கும் இதனால் பாதிப்பு இல்லை. யூடியூப் ஓடும், வாட்ஸ்அப் அழைப்பு போகும். வெளியிலிருந்து தானாக உள்ளே வரும் இணைப்புதான் முதல் பெட்டியிலேயே நின்றுபோகும். அதை யாரிடம் ஒப்படைப்பது என்று அந்தப் பெட்டிக்கு யாரும் சொல்லவில்லை. நீங்கள் ஃபார்வர்டிங் போட்டது இரண்டாவது பெட்டியில்.

இனி வருவதற்கெல்லாம் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். கம்பெனி (இணைய இணைப்பு தருபவர்) மோடம் 192.168.1.1. சொந்த ரவுட்டருக்கு முகம் இரண்டு: மோடத்தைப் பார்க்கும் வேன் பக்கம் 192.168.1.2, வீட்டைப் பார்க்கும் லேன் பக்கம் 192.168.0.1. சர்வர் 192.168.0.50. ஜெல்லிஃபின் கேட்பது 8096 போர்ட். ஜெல்லிஃபின் போன்ற இன்னொரு சர்வரான பிளெக்ஸ் வைத்திருப்பவர்கள் 8096 வரும் இடமெல்லாம் 32400 என்று படித்துக்கொள்ளலாம்.

முதலில் நான்கு எண்கள்

ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் தொடங்கினால் பாதி வழியில் எது எந்தப் பெட்டி என்று குழம்பிவிடும்.

ஒன்று, சர்வரின் முகவரி. இரண்டு, சொந்த ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வேன் அல்லது இன்டர்நெட் நிலை என்ற இடத்தில் காட்டும் முகவரி. மூன்று, கம்பெனி மோடத்தின் நிர்வாகப் பக்கத்தில் அதே இடத்தில் காட்டும் முகவரி. நான்கு, பிரவுசரில் "என் ஐபி என்ன" என்று தேடினால் வெளியுலகம் சொல்லும் ஐபிவி4 முகவரி. நான்காவதைப் பார்க்கும்போது விபிஎன் எதுவும் ஓடக் கூடாது. அந்தப் பக்கம் ஐபிவி6 முகவரியை மட்டும் காட்டினால் வேறு பக்கத்தில் பாருங்கள்.

இரண்டாவது எண் 192.168 என்றோ, 10 என்றோ, 172.16 முதல் 172.31 வரையிலோ தொடங்கினால் உங்கள் ரவுட்டருக்கு மேலே இன்னொரு ரவுட்டர் இருக்கிறது. மூன்றாவதும் நான்காவதும் ஒன்றாக இருந்தால் நல்ல செய்தி. வீட்டுக்குள்ளேயே இதைச் சரிசெய்துவிடலாம். இரண்டும் வேறாக இருந்தால், அதுவும் மூன்றாவது எண் 100.64 முதல் 100.127 வரையில் இருந்தால், மூன்றாவது நேட் ஒன்று கம்பெனியின் கட்டடத்தில் இருக்கிறது. அந்த முகவரி வரிசை இந்த வேலைக்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்டது. இதற்கு சிஜி-நேட் என்று பெயர். அப்படியானால் நேராகக் கீழே தலைப்பில் 100.64 என்று வரும் பகுதிக்குப் போங்கள். போர்ட் ஃபார்வர்டிங்கில் செலவிடும் ஒவ்வொரு நிமிடமும் வீண்.

மோடத்துக்குள் நுழைய பாஸ்வேர்டு இல்லாதவர்கள், பாக்கெட் எந்தெந்த ரவுட்டர் வழியாகப் போகிறது என்று காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையை ஓட்டலாம். 8.8.8.8க்கு ஓட்டினால் முதல் வரியில் 192.168.0.1, இரண்டாவது வரியில் 192.168.1.1 என்று வந்தால் இரட்டை நேட் உறுதி. மூன்றாவது வரியில் 10இல் தொடங்கும் முகவரி வந்தால் மட்டும் சிஜி-நேட் என்று முடிவுகட்ட வேண்டாம். கம்பெனிகள் தங்கள் உள் ரவுட்டர்களுக்கும் அந்த முகவரிகளைக் கொடுப்பதுண்டு. மூன்றாவது எண்ணையும் நான்காவது எண்ணையும் ஒப்பிடுவதுதான் நம்பகமான சோதனை.

அறிகுறி: வீட்டு வைஃபையிலேயே திறக்கவில்லை

சர்வர் கணினியிலேயே பிரவுசரில் திறக்கிறது, அதே வைஃபையில் இருக்கும் போனில் 192.168.0.50:8096 திறக்கவில்லை என்றால் ரவுட்டர்களை விட்டுவிடுங்கள். ஃபயர்வாலைப் பாருங்கள். விண்டோஸ் சர்வர்களில் இது அடிக்கடி நடக்கும். புது ரவுட்டர் மாட்டியதும் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காக எடுத்துக்கொண்டு "பப்ளிக்" வகையில் போட்டுவிடும். பழைய ரவுட்டரில் "பிரைவேட்" வகைக்குக் கொடுத்த அனுமதி அங்கே செல்லாது. நெட்வொர்க் செட்டிங்கில் வகையை மாற்றினாலே திறந்துகொள்ளும். லினக்ஸில் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டிருந்தால் 8096 டிசிபியை அனுமதித்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

அறிகுறி: வீட்டில் திறக்கிறது, வெளியே நேரம் முடிந்து நிற்கிறது

இங்கேதான் அதிக நேரம் விரயமாகிறது. மொபைல் டேட்டாவிலிருந்து தட்டிப் பார்ப்பதும், ஏதாவது ஒரு செட்டிங்கை மாற்றுவதும், மறுபடி தட்டுவதுமாக நாள் போகும். தவறு மோடத்திலா, ரவுட்டரிலா, சர்வரிலா என்று அந்தச் சோதனை ஒருபோதும் சொல்லாது. பாதையை நடுவில் வெட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரு லேப்டாப்பை எடுத்து, சொந்த ரவுட்டரின் வைஃபையிலிருந்து விடுவித்து, கம்பெனி மோடத்தின் வைஃபையில் இணையுங்கள். மோடத்தின் வைஃபையை அணைத்து வைத்திருந்தால் அதன் காலி லேன் போர்ட்டில் ஒயர் போடுங்கள். லேப்டாப்புக்கு 192.168.1.இல் ஒரு முகவரி கிடைத்திருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். இப்போது நீங்கள் இரண்டு ரவுட்டருக்கும் நடுவே நிற்கிறீர்கள். பிரவுசரில் 192.168.1.2:8096 என்று அடியுங்கள். சர்வரின் முகவரியை அடிக்கக் கூடாது, சொந்த ரவுட்டரின் வெளி முகத்தை அடிக்க வேண்டும்.

ஜெல்லிஃபின் பக்கம் திறந்தால் சொந்த ரவுட்டரின் ஃபார்வர்டிங், சர்வரின் ஃபயர்வால் எல்லாம் சரி. குறை மோடத்தில் அல்லது அதற்கு அப்பால். திறக்கவில்லை என்றால் மோடத்தைத் தொடவே வேண்டாம், உள்ளே இருப்பதைச் சரிசெய்யுங்கள். பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் ரவுட்டர் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: அவற்றின் வேன் பக்கத்தில் தனியார் முகவரிகளைத் தடுக்கும் விருப்பம் ஒன்று உண்டு. அது போட்டிருந்தால் லேப்டாப்பின் 192.168.1 முகவரியைப் பார்த்துத் தடுத்துவிடும், இந்தச் சோதனை பொய்யாகத் தோற்கும். சோதிக்கும் நேரத்துக்கு அதை எடுத்துவிடுங்கள்.

எப்படித் தோற்கிறது என்பதையும் கவனியுங்கள். உடனே "மறுக்கப்பட்டது" என்று வந்தால், பாக்கெட் ஏதோ ஒரு பெட்டி வரை போய்ச் சேர்ந்து, அங்கே அந்தப் போர்ட்டில் யாரும் கேட்கவில்லை என்று பதில் வந்திருக்கிறது. பெரும்பாலும் உள் போர்ட் எண் தவறு, அல்லது சர்வர் நின்றிருக்கும். அரை நிமிடம் காத்திருந்து தோற்றால் வழியில் யாரோ சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டார்கள். அது ஃபயர்வால் அல்லது ஃபார்வர்டிங் இல்லாத ரவுட்டர்.

இரட்டை நேட் உறுதியானால் தீர்வு மூன்று. முடிந்தால் ரவுட்டர் ஒன்றின் வேலையை நிறுத்திவிடுவதே நல்லது. இரண்டையும் வைத்துக்கொண்டு சமாளித்தாலும் ஓடும்; ஆனால் பிற்பாடு எது கெட்டாலும் இரண்டு இடத்தில் தேட வேண்டியிருக்கும்.

எளியது, சொந்த ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் ஆக்கிவிடுவது. செட்டிங்கில் அப்படி ஒரு முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்தால் போதும். இல்லாத பழைய ரவுட்டர் என்றால்: முதலில் அதன் லேன் முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள், அடுத்து டிஹெச்சிபியை (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) அணையுங்கள், கடைசியில் மோடத்திலிருந்து வரும் ஒயரை வேன் போர்ட்டிலிருந்து பிடுங்கி ஒரு லேன் போர்ட்டில் செருகுங்கள். வேன் போர்ட் காலியாகவே இருக்கட்டும். இந்த வரிசையை மாற்றினால் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குள் மறுபடி நுழைய முடியாமல் ரீசெட் பட்டனைக் குச்சியால் குத்த வேண்டி வரும். இனி சர்வருக்கும் 192.168.1 வரிசையில்தான் முகவரி கிடைக்கும். அதை மோடத்தில் நிலையாக ஒதுக்கி, மோடத்தில் மட்டும் ஃபார்வர்டிங் போடுங்கள். சொந்த ரவுட்டரின் பிள்ளைகள் கட்டுப்பாடு, வேகப் பங்கீடு போன்ற வசதிகள் போய்விடும்.

அந்த வசதிகள் வேண்டும் என்றால் மோடத்தை பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். மோடம் ஒளியை மின் சிக்னலாக்கிக் கொடுப்பதோடு நின்றுகொள்ளும், பொது முகவரி நேராகச் சொந்த ரவுட்டருக்கு வரும். இதற்குக் கம்பெனியிடமிருந்து பிபிபிஓஇ (கம்பெனியின் இணைப்புக்குள் நுழையும் முறை) பயனர்பெயர், பாஸ்வேர்டு, விலேன் எண் (இணையத்துக்கான தடத்தைக் குறிக்கும் எண்) மூன்றையும் கேட்டு வாங்குங்கள். விலேன் எண்ணை மோடமே பார்த்துக்கொள்ளுமா, ரவுட்டரில் போட வேண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள். பிரிட்ஜுக்கு மாறி நெட் வரவில்லை என்று தவிப்பவர்கள் பலர் விட்டுவிடுவது இந்த எண்ணைத்தான். லேண்ட்லைன் போன் மோடத்தில் செருகியிருந்தால், பிரிட்ஜுக்குப் பிறகும் அது ஓடுமா என்பதை மாற்றுவதற்கு முன்பே கேட்க வேண்டும். மோடத்தின் மெனுவில் பிரிட்ஜ் தெரியவில்லை என்றால் உங்களிடம் இருப்பது சாதாரணப் பயனர் பாஸ்வேர்டு. கம்பெனிதான் மாற்றித் தர வேண்டும்.

இரண்டும் முடியாதபோது, இரண்டு இடத்திலும் ஃபார்வர்டிங்.

மோடத்தில்: வெளிப் போர்ட் 8096, டிசிபி, அனுப்ப வேண்டிய முகவரி 192.168.1.2, உள் போர்ட் 8096.
சொந்த ரவுட்டரில்: வெளிப் போர்ட் 8096, டிசிபி, அனுப்ப வேண்டிய முகவரி 192.168.0.50, உள் போர்ட் 8096.

மோடத்தில் பலர் சர்வரின் முகவரியான 192.168.0.50ஐப் போட்டுவிடுகிறார்கள். மோடத்துக்கு 192.168.0 என்று ஒரு நெட்வொர்க் இருப்பதே தெரியாது. சில மோடம்கள் அந்த முகவரியை ஏற்க மறுக்கும். சில ஏற்றுக்கொண்டு எதுவும் செய்யாமல் இருக்கும், அதுதான் தொல்லை. மோடத்துக்குத் தெரிந்த கடைசி ஆள் சொந்த ரவுட்டரின் வெளி முகம்தான்.

மோடத்தின் அந்தப் பக்கத்தில் எந்த வேன் இணைப்பு என்று கேட்கும் ஒரு பட்டியலும் இருக்கலாம். ஃபைபர் மோடம்களில் இணையத்துக்கு ஒன்று, கம்பெனியின் தொலைநிர்வாகத்துக்கு ஒன்று, போனுக்கு ஒன்று என்று இரண்டு மூன்று வேன் இணைப்புகள் இருக்கும். பெயரில் "இன்டர்நெட்" என்ற சொல் உள்ள வரியைத் தேர்ந்தெடுங்கள். முதலில் இருக்கிறது என்று தொலைநிர்வாக வரியைத் தொட்டுவிட்டால், விதி சரியாக இருந்தும் வேலை செய்யாது.

மோடத்தில் டிஎம்இசட் போட்டு 192.168.1.2ஐக் கொடுப்பதும் வழிதான். வருவதையெல்லாம் மோடம் சொந்த ரவுட்டரிடம் தள்ளிவிடும். ரவுட்டரில் போட்ட விதி மட்டும் உள்ளே விடும். சொந்த ரவுட்டரின் தொலைநிர்வாக வசதி அணைந்திருப்பதை உறுதிசெய்த பிறகே இதைச் செய்யுங்கள். டிஎம்இசட்டில் சர்வரின் முகவரியை ஒருபோதும் போடாதீர்கள். ஆக்சஸ் பாயின்ட் முறையில் சர்வர் நேராக மோடத்தின் நெட்வொர்க்கில் இருக்கும்போது அப்படிப் போட்டால், சர்வரின் எல்லாப் போர்ட்டும் உலகத்துக்கே திறந்துவிடும்.

எல்லாம் சரியாகப் போட்டும் ஜெல்லிஃபின் மறுத்தால், அதன் டாஷ்போர்டில் நெட்வொர்க்கிங் பகுதியில் வெளி இணைப்புகளை அனுமதிக்கும் பெட்டி டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பயனருக்கும் இதே போன்ற அனுமதி தனியாக உண்டு. நிர்வாகிக் கணக்குக்கு அதை எடுத்துவிட்டு, படம் பார்க்க மட்டும் ஒரு சாதாரணக் கணக்கை வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். 8096இல் போவது குறியாக்கம் இல்லாத ஹெச்டிடிபி. ஹோட்டல் வைஃபையில் பாஸ்வேர்டு அப்படியே போகும். சோதனை முடிந்ததும் கேடி போன்ற ஒரு ரிவர்ஸ் பிராக்சியை (இணைப்பைக் குறியாக்கத்தோடு வாங்கி சர்வரிடம் தரும் மென்பொருள்) முன்னால் வைத்து 443ஐ மட்டும் திறந்துவிட்டு, 8096 விதியை இரண்டு பெட்டியிலும் அழித்துவிடுங்கள். கம்பெனி 80, 443 இரண்டையும் அடைத்திருந்தால் வெளியில் வேறு எண்ணைக் கொடுத்து, சான்றிதழை டிஎன்எஸ் சரிபார்ப்பு மூலம் வாங்கலாம்.

அறிகுறி: பிளெக்ஸில் பச்சை வருகிறது, சில நொடியில் சிவப்பாகிறது

ரிமோட் ஆக்சஸ் பக்கத்தில் வெளியிலிருந்து முழுமையாக அணுகலாம் என்று காட்டிவிட்டு உடனே அணுக முடியாது என்று மாறுவது இரட்டை நேட்டின் அடையாளம். பிளெக்ஸ் யூபிஎன்பி மூலம் பக்கத்தில் இருக்கும் ரவுட்டரிடம் போர்ட் கேட்கிறது. சொந்த ரவுட்டர் மகிழ்ச்சியாகத் திறந்து கொடுக்கிறது. பிறகு பிளெக்ஸின் சர்வர் வெளியிலிருந்து தட்டிப் பார்க்கும்போது மோடம் வழிவிடுவதில்லை. யூபிஎன்பி ஒரு ரவுட்டர் தாண்டிப் பேசாது. இரண்டு ரவுட்டரிலும் யூபிஎன்பியை அணைத்துவிட்டு, பிளெக்ஸில் போர்ட்டைக் கையால் குறிப்பிடும் பெட்டியை டிக் செய்து 32400 கொடுத்து, மேலே சொன்ன மூன்று தீர்வுகளில் ஒன்றைச் செய்யுங்கள்.

பச்சை நிலையாக இருந்தும் வெளியே வீடியோ மட்டும் ஓடாமல் சந்தா கேட்டால் அது நெட்வொர்க் கோளாறு அல்ல. சொந்த வீடியோக்களை வெளியிலிருந்து பார்க்க, சர்வர் உரிமையாளருக்கு பிளெக்ஸ் பாஸோ பார்ப்பவருக்கு அதற்கான தனிச் சந்தாவோ வேண்டும் என்று 2025 ஏப்ரல் 29 முதல் விதி மாறியிருக்கிறது.

அறிகுறி: மோடத்தின் வேன் முகவரி 100.64 முதல் 100.127 வரை, அல்லது வெளியே தெரிவதோடு ஒத்துப்போகவில்லை

இது சிஜி-நேட். பொது ஐபிவி4 முகவரி ஒன்றையே பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் எந்த விதியைப் போட்டாலும் கம்பெனியின் நேட்டில் வழி திறக்காது. நான்கு வழி உண்டு.

மாதக் கட்டணத்தில் ஸ்டாட்டிக் ஐபி கேட்டு வாங்கலாம். கிடைத்துவிட்டால் மோடத்தின் வேன் முகவரி மாறியிருப்பதை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு, மேலே சொன்ன வேலையைச் செய்யுங்கள்.

உங்கள் கருவிகளை மட்டும் ஒரு தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெயில்ஸ்கேல் விபிஎன் போடலாம். குடும்பத்தினர் மட்டும் பார்க்கும் சர்வருக்கு முதலில் முயல வேண்டியது இதுதான். சர்வரிலும் போனிலும் நிறுவி ஒரே கணக்கில் நுழைந்து, சர்வருக்குக் கிடைக்கும் 100இல் தொடங்கும் முகவரியோடு :8096 சேர்த்துத் திறந்தால் போதும். ஒரு போர்ட்டும் திறக்க வேண்டாம், நேட் எத்தனை இருந்தாலும் கவலையில்லை. டெயில்ஸ்கேல் கொடுக்கும் முகவரிகளும் அதே 100.64 வரிசையில்தான் இருக்கும். சர்வரில் அதைப் பார்த்துவிட்டு சிஜி-நேட் என்று பதற வேண்டாம். பார்க்க வேண்டியது மோடத்தின் வேன் முகவரியை. குறை ஒன்று: பார்க்கும் கருவியிலும் ஆப் வேண்டும். ஆண்ட்ராய்டு டிவிக்கும் ஆப்பிள் டிவிக்கும் இருக்கிறது. வேறு டிவி என்றால் அதில் ஒரு ஆண்ட்ராய்டு டிவி பெட்டியைச் செருகுவது சுலபம்.

ஆப் போட முடியாத உறவினர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்றால், பொது முகவரி உள்ள ஒரு சிறிய விபிஎஸ் (இணையத்தில் இருக்கும் சர்வர்) வாடகைக்கு எடுத்து, வீட்டு சர்வரிலிருந்து அதற்கு வயர்கார்டு விபிஎன் இணைப்பு போட்டு, விபிஎஸ்ஸில் கேடி வைக்கலாம். இணைப்பு உள்ளேயிருந்து வெளியே போவதால் நேட் தடுக்காது. வீட்டு சர்வரின் பக்கத்தில் பர்சிஸ்டென்ட் கீப்அலைவ் 25 நொடி என்று போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் சும்மா இருக்கும் நேரத்தில் நேட் அந்த இணைப்பை மறந்துவிடும், காலையில் திறக்கும், மதியம் திறக்காது. டேட்டா கணக்கும் பாருங்கள்: 8 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரப் படம் சுமார் 3.6 ஜிபி. அது விபிஎஸ்ஸுக்குள் ஒருமுறை வந்து ஒருமுறை போகிறது. கிளவுட்ஃபிளேர் டனலை இதற்குப் பயன்படுத்தப் பலர் சொல்வார்கள். அதன் இலவசத் திட்டத்தின் விதிமுறை வீடியோவை அதிக அளவில் அனுப்ப இடம் கொடுப்பதில்லை என்பதால் இங்கே பரிந்துரைக்கவில்லை.

நான்காவது வழி, ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி தரும் ஐபிவி6. அதற்கே உரிய சிக்கல்கள் கீழே.

அறிகுறி: மொபைல் டேட்டாவில் வருகிறது, நண்பர் வீட்டு வைஃபையில் வரவில்லை

ஐபிவி6 மூலம் திறந்திருந்தால் இப்படித்தான் நடக்கும். இந்திய மொபைல் நெட்வொர்க்குகளில் ஐபிவி6 பரவலாக இருக்கிறது, அதனால் போனில் திறந்துவிடும். அலுவலகத்திலோ ஹோட்டலிலோ ஐபிவி4 மட்டும் இருந்தால் அங்கிருந்து உங்கள் சர்வருக்கு வழியே கிடையாது. அங்கேயும் வேண்டும் என்றால் டெயில்ஸ்கேலோ விபிஎஸ்ஸோதான்.

மொபைலிலும் ஐபிவி6 வரவில்லை என்றால், சர்வருக்கு 2இல் தொடங்கும் முகவரி கிடைத்திருக்கிறதா என்று பாருங்கள். எஃப்இ80இல் தொடங்குவது அந்த ஒயருக்குள் மட்டும் செல்லும் முகவரி, அது கணக்கில் வராது. கிடைக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இரண்டு ரவுட்டர்தான். மோடம் ஒரே ஒரு /64 முகவரித் தொகுதியை வைத்துக்கொண்டு அதைத் தன் லேனில் பரப்பிவிடும். சொந்த ரவுட்டருக்குப் பிரித்துக் கொடுக்க மிச்சம் இருக்காது. ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாறினால் இந்தச் சிக்கலும் தானாகத் தீரும். முகவரி கிடைத்த பிறகும் மோடத்தின் ஐபிவி6 ஃபயர்வால் உள்வரும் இணைப்பைத் தடுக்கும். அங்கே சர்வருக்கும் அந்தப் போர்ட்டுக்கும் மட்டும் விதிவிலக்கு கொடுங்கள், ஃபயர்வாலை முழுவதும் அணைக்காதீர்கள். ஜெல்லிஃபின், பிளெக்ஸ் இரண்டிலும் ஐபிவி6க்கென்று தனி டிக் பெட்டி உண்டு.

அறிகுறி: சில நாள் ஓடுகிறது, பிறகு நின்றுவிடுகிறது

கரண்ட் போய் வந்ததிலிருந்து திறக்கவில்லை என்றால் மூன்று முகவரிகளில் ஒன்று மாறியிருக்கிறது. நீங்கள் எழுதிவைத்த தாளோடு ஒப்பிடுங்கள்.

சர்வரின் முகவரி மாறியிருந்தால் சொந்த ரவுட்டரின் டிஹெச்சிபியில் நிலையாக ஒதுக்குங்கள். ஒதுக்கீடு, நெட்வொர்க் கருவியின் சொந்த அடையாள எண்ணான மேக் முகவரியை வைத்து நடக்கிறது. சர்வரை வைஃபையிலிருந்து ஒயருக்கு மாற்றினாலோ யூஎஸ்பி லேன் அடாப்டர் போட்டாலோ மேக் முகவரியும் மாறும், ஒதுக்கீடு செல்லாது. சொந்த ரவுட்டரின் வேன் முகவரி 192.168.1.2ஆக இருந்தது 192.168.1.5 ஆகியிருந்தால், மோடத்தின் விதி இல்லாத ஆளிடம் அனுப்பிக்கொண்டிருக்கிறது. இதையும் மோடத்தில் ஒதுக்க வேண்டும். சர்வருக்கு ஒதுக்குவதை எல்லோரும் செய்கிறார்கள், ரவுட்டருக்கு ஒதுக்குவதைத்தான் மறக்கிறார்கள்.

பொது முகவரி மாறியிருந்தால் மாறும் முகவரியை ஒரு நிலையான பெயரோடு இணைத்துவைக்கும் டக்டிஎன்எஸ் போன்ற டைனமிக் டிஎன்எஸ் வேண்டும். ஏற்கெனவே வைத்திருந்தும் திறக்கவில்லை என்றால், அந்தப் பெயர் எந்த முகவரியைக் காட்டுகிறது என்று என்எஸ்லுக்அப் போட்டுப் பாருங்கள். 192.168.1.2 என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். சொந்த ரவுட்டரில் இருக்கும் டைனமிக் டிஎன்எஸ் வசதி தன் வேன் முகவரியை அப்படியே பதிவுசெய்கிறது. இரட்டை நேட்டில் அது வெளியே யாருக்கும் பயன்படாத முகவரி. அந்த வசதியை அணைத்துவிட்டு, சர்வரிலேயே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஸ்கிரிப்ட் வையுங்கள். டக்டிஎன்எஸ்ஸுக்கு அனுப்பும் கோரிக்கையில் ஐபி இடத்தைக் காலியாக விட்டால், கோரிக்கை எந்தப் பொது முகவரியிலிருந்து வந்ததோ அதையே எடுத்துக்கொள்ளும்.

முகவரிகள் எதுவும் மாறவில்லை, மோடத்தில் போட்ட விதியே காணோம் என்றால், கம்பெனி தொலைவிலிருந்து மோடத்தைப் புதுப்பித்து அமைப்பைத் திரும்ப எழுதியிருக்கிறது. விதிகளின் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் மறுபடி போட்டுவிடலாம்.

அறிகுறி: வெளியே பெயர் போட்டால் வருகிறது, வீட்டில் அதே பெயர் வரவில்லை

வீட்டுக்குள்ளிருந்து உங்கள் பொது முகவரியையே தேடும்போது, பாக்கெட் மோடம் வரை போய்த் திரும்பி உள்ளே வர வேண்டும். எல்லா மோடமும் அப்படித் திருப்பி அனுப்பாது. சொந்த ரவுட்டரில் லோக்கல் டிஎன்எஸ் வசதியோ, வீட்டில் பை-ஹோல் என்ற டிஎன்எஸ் சர்வரோ இருந்தால், அந்தப் பெயருக்கு நேராக 192.168.0.50 என்று எழுதிவிடுங்கள். இல்லையென்றால் ஆப்பில் வீட்டுக்கு ஒரு முகவரி, வெளிக்கு ஒரு முகவரி என்று இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எதுவும் கெட்டுப்போகவில்லை.

அறிகுறி: ஹால் டிவிக்கு மட்டும் சர்வர் தெரியவில்லை

டிவி மோடத்தின் வைஃபையிலும் சர்வர் சொந்த ரவுட்டரிலும் இருக்கிறது. சர்வரைத் தானாகக் கண்டுபிடிக்கும் டிஎல்என்ஏ அறிவிப்புகளும் (1900 யூடிபி) ஜெல்லிஃபின் அறிவிப்புகளும் (7359 யூடிபி) ரவுட்டரைத் தாண்டுவதில்லை. டிவியைச் சொந்த ரவுட்டரின் வைஃபைக்கு மாற்றுவதே தீர்வு. எட்டவில்லை என்றால், சொந்த ரவுட்டரில் ஃபார்வர்டிங் இருக்கும் பட்சத்தில், டிவி ஆப்பில் 192.168.1.2:8096 என்று கையால் அடித்தும் திறக்கலாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு கோளாறு: இரண்டு பெட்டியும் 192.168.1.1 என்றே வந்திருந்தால் சொந்த ரவுட்டருக்கு எது உள்ளே, எது வெளியே என்று தெரியாமல் நெட் வந்து வந்து போகும். சில ரவுட்டர்கள் தாமாகவே மாறிக்கொள்ளும். மாறாவிட்டால் லேன் முகவரியை 192.168.50.1 ஆக்குங்கள்.

அறிகுறி: லாகின் ஆகிறது, போஸ்டர்கள் தெரிகின்றன, படம் மட்டும் ஓடவில்லை

முதலில் வீட்டு இணைப்பின் அப்லோடு வேகத்தைப் பாருங்கள். விளம்பரத்தில் சொன்னது டவுன்லோடாக இருக்கலாம். 1080பி படத்துக்கு 8 முதல் 10 மெகாபிட், டிஸ்க்கிலிருந்து அப்படியே எடுத்த 4கே கோப்புக்கு 50க்கும் மேல் வேண்டும். ஆப்பில் வெளி இணைப்புக்கான தரத்தை 4 மெகாபிட்டுக்கு இறக்கிப் பாருங்கள். உடனே ஓடினால் பாதையில் குறையில்லை, அகலம்தான் போதவில்லை.

பிளெக்ஸில் எல்லாமே மங்கலாக ஓடினால், நேரடி இணைப்பு கிடைக்காமல் ரிலே (நடுவில் நிற்கும் பிளெக்ஸின் சர்வர்) வழியாக ஓடுகிறது. அந்த வழியில் சர்வர் உரிமையாளரிடம் பிளெக்ஸ் பாஸ் இல்லாவிட்டால் 1 மெகாபிட், இருந்தால் 2 மெகாபிட்தான். டாஷ்போர்டில் மறைமுக இணைப்பு என்று காட்டும். டெயில்ஸ்கேலிலும் இதே போல உண்டு: டெயில்ஸ்கேல் பிங் போட்டால் பதிலில் டெர்ப் என்று வந்தால் ரிலே. சர்வர் பக்கம் இரட்டை நேட்டை ஒற்றையாக்கினால் நேரடி இணைப்பு கிடைக்கும் வாய்ப்பு கூடும். பொது முகவரி இருந்தால் 41641 யூடிபியை சர்வருக்கு ஃபார்வர்டு செய்வதும் உதவும்.

வேகம் போதும், ரிலேயும் இல்லை, சின்னப் பக்கங்கள் சட்டென்று வருகின்றன, வீடியோ தொடங்கியதும் உறைகிறது என்றால் எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை, சந்தேகியுங்கள். சிறிய பாக்கெட் போகிறது, பெரியது போகவில்லை. துண்டாக்காதே என்ற விருப்பத்தோடு விண்டோஸில் 1472 பைட் பிங் போடுங்கள் (பிங் -எஃப் -எல் 1472). பிபிபிஓஇ இணைப்பில் அது தோற்று, 1464 போக வேண்டும். 28 பைட் தலைப்பைச் சேர்த்தால் 1492. வயர்கார்டு வழக்கமாக 1420 எடுத்துக்கொள்கிறது. அது ஐபிவி4 மேல் போனால் கூடுதல் 60 பைட், மொத்தம் 1480, அடங்கிவிடும். ஐபிவி6 மேல் போனால் கூடுதல் 80, மொத்தம் 1500, பிபிபிஓஇயில் அடங்காது. அப்போது இரண்டு முனையிலும் 1412 என்று வையுங்கள். நடுவில் வேறென்ன சுற்று இருக்கிறது என்று கணக்கிட முடியாத இணைப்பில் 1280 போட்டுவிடுங்கள். வேகம் சற்றுக் குறையும், ஆனால் படம் உறையாது.